விஸ்வரூபம் தடை, 2013: ஏழு இடத்தில் ஒலி போனது, ஆட்சேபம் அப்படியே நின்றது

கமல்ஹாசன் இயக்கி நடித்த 'விஸ்வரூபம்' 2013 ஜனவரி 25 அன்று தமிழ்நாட்டில் வெளியாவதாக இருந்தது. தணிக்கை வாரியம் யு/ஏ சான்றிதழ் கொடுத்திருந்தது. வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஜனவரி 23 அன்று, முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பைக் காரணம் காட்டிப் படத்தை நிறுத்த மாநில அரசு முடிவெடுத்தது. 31 மாவட்ட ஆட்சியர்களும் சென்னைக் காவல் ஆணையரும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவைப் பயன்படுத்தி 15 நாளுக்குத் தடை விதித்தார்கள். கடைசியில் பிப்ரவரி 7 அன்று, ஏழு இடங்களில் ஒலி நீக்கப்பட்ட நிலையில் படம் திரைக்கு வந்தது.

ஆட்சேபித்த முஸ்லிம் அமைப்புகளிடம் நியாயம் இருந்தது. அதைச் சொல்வதற்குச் சட்டத்தில் வழிகளும் இருந்தன. இரண்டும் இருந்தும், அந்த ஆட்சேபத்தை யாரும் பொதுவில் விசாரித்துப் பதில் சொல்லாமலே விவகாரம் முடிந்துவிட்டது. அது எப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கும் மேலாகிவிட்டது, ஆனாலும் இதே பாதையில்தான் இன்றும் பல சர்ச்சைகள் போகின்றன.

முன்கதை

இந்தச் சர்ச்சை வெறும் ஒரு படத்தால் கிளம்பியதல்ல. 1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்புக்குப் பிறகு தமிழ் சினிமாவில் தீவிரவாதி என்றால் தாடியும் தொப்பியும் என்றாகிவிட்டது. வில்லன் தொழுவான், அரபியில் ஏதோ சொல்வான், அடுத்த காட்சியில் குண்டு வெடிக்கும். அந்தக் கோவையிலேயே சாதாரண முஸ்லிம் குடும்பங்கள் வீடு வாடகைக்குக் கிடைக்காமலும் விசாரணைக்குப் பதில் சொல்லியும் தவித்தார்கள். படம் பார்ப்பவருக்கு அது இரண்டரை மணி நேரம். அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கு அப்படி இல்லை.

உடனடிக் காரணங்கள் இரண்டு. 2012 செப்டம்பரில் நபிகளை இழிவுபடுத்தும் அமெரிக்க வீடியோவை எதிர்த்துச் சென்னை அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் முன்பு நடந்த போராட்டம் கல்வீச்சில் போய் முடிந்தது. அதிலிருந்து போலீசாருக்கு இந்த விஷயத்தில் ஒரு பதற்றம். அடுத்து, அந்த ஆண்டு தீபாவளிக்கு வந்த 'துப்பாக்கி' படத்துக்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. படக்குழு வருத்தம் தெரிவித்து, சில காட்சிகளை நீக்குவதாக ஒப்புக்கொண்டது. எதிர்த்தால் வெட்டுவார்கள் என்று அமைப்புகளுக்கும், பேசி முடித்துவிடலாம் என்று திரைத்துறைக்கும் அது பழகிக் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்து வந்தது விஸ்வரூபம்.

படத்துக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. தியேட்டருக்கு முந்தின நாளே டி.டி.எச். வழியாக வீடுகளுக்குக் காட்டுவது, கட்டணம் 1,000 ரூபாய் என்று கமல் அறிவித்திருந்தார். தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தார்கள். ஜனவரி 11 என்ற முதல் தேதி அதனால்தான் 25-க்குப் போனது. இந்தத் தாமதம் பின்னால் பெரிய விலை கேட்டது. பொங்கல் வாரம் கையை விட்டுப் போனதோடு, ஆட்சேபம் திரண்டு வர இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைத்தது.

ஆட்சேபம் என்ன

24 அமைப்புகள் சேர்ந்த கூட்டமைப்பின் பிரதிநிதிகளுக்கு ஜனவரி 21 அன்று கமல் படத்தைப் போட்டுக் காட்டினார். தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தின் தலைவர்களில் ஒருவரும் அப்போதைய ராமநாதபுரம் சட்டமன்ற உறுப்பினருமான எம்.எச். ஜவாஹிருல்லா இந்த எதிர்ப்பின் முக்கிய முகமாக இருந்தார். கதாநாயகனே முஸ்லிம்தானே, இந்திய உளவுத்துறை அதிகாரிதானே என்பது கமல் தரப்பின் பதில். கதை நடப்பது ஆப்கானிஸ்தானிலும் நியூயார்க்கிலும், இந்திய முஸ்லிம்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றும் சொன்னார்கள்.

இந்தப் பதில் ஏன் எடுபடவில்லை என்பதற்கு ஆட்சேபங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு இருதரப்பும் அதைச் செய்யவில்லை.

முதலாவது, வசனம் ஓதுவதும் கொலையும் ஒட்டிக்கொள்ளும் காட்சிகள். குர்ஆன் வசனம் காதில் விழும்போது திரையில் கழுத்தறுப்போ தூக்கோ நடந்தால், கொல்பவனின் மனநிலையைக் காட்டுகிறேன் என்று இயக்குநர் சொல்லலாம். தினமும் ஐந்து வேளை அதை ஓதுகிறவரின் காதில் விழுவது வேறு. இது ஒலி சம்பந்தப்பட்டது. கதையை மாற்றாமலே சரிசெய்யக் கூடியது.

இரண்டாவது, ஊர்ப் பெயர். தாலிபான் தளபதி உமர், தனக்குத் தமிழ் தெரிந்ததற்குக் காரணமாக மதுரையிலும் கோவையிலும் தங்கியிருந்ததைச் சொல்கிறான். ஆப்கானிய வில்லன் தமிழ் பேசுவதற்குத் திரைக்கதைக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் 1998-க்குப் பிறகு கோவை என்ற பெயரை இந்த இடத்தில் சாக்காக வைக்க முடியாது. அந்த ஒற்றை வரி, 'இந்திய முஸ்லிம்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை' என்ற வாதத்தை அடியோடு சாய்த்துவிட்டது. எங்கள் கணிப்பில் அத்தனை ஆட்சேபங்களிலும் மிக வலுவானது இதுதான். வசனம் எழுதும்போதே வேறு ஊரையோ வேறு காரணத்தையோ போட்டிருக்கலாம், படத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

மூன்றாவதுதான் பெரியது. எந்தக் காட்சியையும் விரல்விட்டுக் காட்ட முடியாத ஆட்சேபம் அது. இத்தனை வருடமாக எங்களை ஒன்று குண்டு வைப்பவனாக, அல்லது குண்டு வைப்பவனைப் பிடித்துக் கொடுத்துத் தேசப்பற்றை நிரூபிப்பவனாக மட்டுமே காட்டுகிறீர்கள் என்ற மனக்குறை. கதாநாயகன் முஸ்லிம் என்பது இதற்குப் பதிலாகாது. அந்தக் குறையின் இன்னொரு பாதியாகவே அது ஆகிவிடுகிறது. இதைக் கத்தரியால் தீர்க்க வழியே இல்லை. விமர்சனத்தாலும், எழுத்தாலும், வேறு விதமான படங்களாலும்தான் முடியும்.

மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'தடை செய்' என்று அரசிடம் கொடுத்ததுதான் அமைப்புகள் செய்த பிழை. முதல் இரண்டுக்கும் கிடைத்திருக்க வேண்டிய நேர்மையான விவாதம் அதனால் கிடைக்காமல் போனது.

நீதிமன்றத்தில் நடந்தது

கமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். நீதிபதி கே. வெங்கட்ராமன் படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறி, 28-ஆம் தேதி வரை வெளியீட்டை நிறுத்திவைத்தார். 26 அன்று படம் அவருக்குத் திரையிடப்பட்டது. அடுத்த விசாரணையில், சுமுகமாகப் பேசித் தீர்க்கப் பார்க்கலாமே என்ற யோசனையும் வந்தது. 29-ஆம் தேதி இரவு பத்து மணி வாக்கில் தனி நீதிபதி 144 உத்தரவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தார். அன்றிரவே அரசுத் தரப்பு பொறுப்புத் தலைமை நீதிபதியின் வீட்டுக்குப் போனது. மறுநாள் 30 அன்று, பொறுப்புத் தலைமை நீதிபதி எலிப்பே தர்மாராவ், நீதிபதி அருணா ஜெகதீசன் அமர்வு தனி நீதிபதியின் உத்தரவை நீக்கிவிட்டது. படம் மறுபடியும் நின்றது. அன்று காலை ஆழ்வார்பேட்டையில் கமல் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, சொத்தை அடகு வைத்துப் படம் எடுத்ததையும், மதச்சார்பற்ற வேறு மாநிலத்தையோ நாட்டையோ தேடிப் போக நேரலாம் என்பதையும் சொன்னார்.

இதற்கிடையில் பக்கத்து மாநிலங்களில் படம் ஓட ஆரம்பித்திருந்தது. கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வாளையார் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் கெடாத பொது அமைதி இந்தப் பக்கம் மட்டும் ஏன் கெடும் என்று கேட்டால் அரசிடம் பதில் இல்லை. மலேசியாவில் படம் திரைக்கு வந்த பிறகு நிறுத்தப்பட்டது, இலங்கையிலும் வெளியீடு தள்ளிப்போனது.

56,440 போலீசார்

ஜனவரி 31 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா அரசின் நிலையை விளக்கினார். படம் 524 தியேட்டர்களில் வெளியாகவிருந்தது, அத்தனைக்கும் பாதுகாப்புக் கொடுக்க 56,440 போலீசார் வேண்டும், அது முடியாத காரியம் என்பது அவர் சொன்ன கணக்கு. தடை செய்வதுதான் நோக்கமென்றால் 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவைப் பயன்படுத்தியிருப்போம் என்றும் சொன்னார்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

56,440-ஐ 524-ஆல் வகுத்தால் தியேட்டருக்குச் சராசரியாக 108 போலீசார். பந்தோபஸ்துத் திட்டம் போட்ட எவரும் இப்படிக் கணக்கிட மாட்டார்கள். பதற்றமான ஊர் எது, அங்கே எத்தனை தியேட்டர், எந்தக் காட்சிக்குக் கூட்டம் வரும், முதல் மூன்று நாளுக்குப் பிறகு எவ்வளவு குறைக்கலாம் என்று தரம் பிரித்துத்தான் திட்டம் போடுவார்கள். ராமநாதபுரத்துக்கும் அரியலூருக்கும் ஊட்டிக்கும் ஒரே மதிப்பீடு இருக்க முடியாது. 144-ஆவது பிரிவே அப்படிப்பட்டதுதான். அந்தந்த இடத்து நிர்வாக நடுவர், அந்த இடத்தின் உண்மை நிலவரத்தை எழுதிக் காட்டி, அவசரம் என்று திருப்தி அடைந்து போட வேண்டிய உத்தரவு அது. மாநிலம் முழுக்க ஒரே படத்துக்கு, ஒரே கால அளவுக்கு எல்லா மாவட்டத்திலும் தடை விழுந்தால், ஆட்சியர்கள் தனித்தனியாக யோசித்தார்கள் என்று நம்புவது கடினம்.

7-ஆவது பிரிவு விஷயம் இன்னும் முக்கியம். 2006-இல் 'டாவின்சி கோட்' படத்துக்குக் கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தபோது தமிழக அரசு அந்தப் பிரிவைத்தான் பயன்படுத்தியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அதை ரத்து செய்தார். அதற்கும் முன்னால், 1989-இல், 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே தமிழக அரசிடம் தெளிவாகச் சொல்லியிருந்தது: போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காட்டிச் சான்றிதழ் பெற்ற படத்தை நிறுத்த முடியாது, எதிர்க்கும் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது, பேச்சுரிமையைக் காப்பது அரசின் கடமை. 2011-இல் உத்தரப் பிரதேச அரசு ஒரு இந்திப் படத்தை நிறுத்தியபோதும் உச்ச நீதிமன்றம் இதையே திரும்பச் சொன்னது.

7-ஆவது பிரிவில் போட்ட உத்தரவு நீதிமன்றத்தில் நிற்பது சிரமம் என்பது தெரிந்த கதை. இந்த 144 உத்தரவோ 15 நாளில் தானாகவே காலாவதியாகிவிடும். வழக்கு முடிவதற்குள் தேவையான காரியம் நடந்துவிடும். வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுத்த படம் முதல் வார வசூலை நம்பியே நிற்கிறது. எனவே 15 நாள் என்பது சட்டப்படி தற்காலிகம் என்றாலும், கையில் படத்தை வைத்திருக்கும் தயாரிப்பாளருக்குக் கழுத்தில் கத்தி.

தலைமைச் செயலக மேசை

பிப்ரவரி 2 அன்று தலைமைச் செயலகத்தில் உள்துறைச் செயலாளர் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சுவார்த்தை நடந்தது. ஏழு இடங்களில் ஒலியை நீக்கக் கமல் ஒப்புக்கொண்டார், அமைப்புகள் எதிர்ப்பைக் கைவிட்டன, தடை விலகியது. வழக்கு அதோடு முடிந்தது. 144-ஐ இப்படிப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்குத் தீர்ப்பே வரவில்லை.

ஏன் மியூட்? காட்சியை வெட்டினால் படத்தொகுப்பைத் திறக்க வேண்டும், பின்னணி இசை துண்டாகும், அடுத்த காட்சியோடு ஒட்ட வேண்டும். ஒலியை மட்டும் இறக்கினால் படத்தின் நீளம் மாறாது, வேலை சீக்கிரம் முடியும். ஆனாலும் சும்மா செய்துவிட முடியாது. சான்றிதழ் வாங்கிய பிறகு படத்தில் செய்யும் எந்த மாற்றத்தையும் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து, சான்றிதழில் மேலெழுத்து வாங்க வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1983-ஆம் ஆண்டுத் தணிக்கை விதிகளில் 33-ஆவது விதி அது. பிறகு டிஜிட்டல் பிரதிகளைப் புதிதாக ஏற்றி ஒவ்வொரு தியேட்டருக்கும் அனுப்ப வேண்டும். 2-ஆம் தேதி பேசி முடித்தும் 7 வரை காத்திருந்ததற்கு இந்த வேலைகளும் காரணம்.

மியூட்டுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. தியேட்டரில் சத்தம் திடீரென்று அறுந்தால் மொத்த அரங்கும் நிமிர்ந்து உட்காரும். மறைக்க நினைத்த இடத்துக்கே அடிக்கோடு போட்ட மாதிரி ஆகிவிடும். பார்ப்பவர் மனதில் 'முஸ்லிம்கள் வெட்டச் சொன்ன இடம்' என்று அது பதிகிறது. மூன்றாவது ஆட்சேபம், அதாவது முஸ்லிம்களைப் பற்றிய ஒட்டுமொத்தச் சித்திரம் தவறு என்ற ஆட்சேபம், இந்தத் தீர்வால் இன்னும் மோசமானது. படத்தை நிறுத்தியது அரசு. ஆனால் ஊர் பேசியது முஸ்லிம்கள் நிறுத்தினார்கள் என்று. போராட்டத்துக்குப் போகாத, படம் பார்க்கவே விருப்பமில்லாத லட்சக்கணக்கானவர்கள் மேலும் அந்தப் பழி விழுந்தது. அவர்களுக்கு நியாயம் கிடைத்ததாக எங்களால் சொல்ல முடியவில்லை.

ஆட்சேபம் போக வேண்டிய வழி

இப்படி ஒரு நிலை வந்தால், எந்த மதத்தவர் ஆனாலும், முதல் வேலை படத்தைப் பார்க்கும்போதே பதிவு செய்வது. சிறப்புக் காட்சிக்கு அழைத்தால் தலைவர்கள் மட்டும் போய் உட்கார்ந்து பயனில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எத்தனையாவது நிமிடம் என்று குறிக்க, இன்னொருவர் வசனத்தைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். ஓதப்படும் வசனம் எந்த அத்தியாயம், எத்தனையாவது வசனம் என்று தெரிந்தவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். முடிந்தவுடன் ஆட்சேபங்களைப் பிரித்துவிட வேண்டும்: தகவல் பிழை, புனித வாசகம் வரும் விதம், ஊர் அல்லது அமைப்பின் பெயர், ஒட்டுமொத்தச் சித்திரம். முதல் மூன்றுக்கும் திருத்தம் கேட்கலாம். நான்காவதைத் திருத்தப் பட்டியலில் சேர்த்தால் மற்ற மூன்றும் வலுவிழக்கும். அதைக் கட்டுரையாக எழுத வேண்டும், மேடையில் பேச வேண்டும்.

மனு எழுதும்போது 'எங்கள் மனம் புண்படுகிறது' என்று மட்டும் சொன்னால் தணிக்கை வாரியத்துக்கு அதில் பிடிமானம் இல்லை. 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின் 5பி பிரிவும், அதன்கீழ் 1991 டிசம்பரில் வந்த வழிகாட்டு நெறிகளும்தான் அளவுகோல். இன, மதக் குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ கூடாது என்று அதில் தனி வாசகமே இருக்கிறது. படத்தை முழுமையாக வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்ற வாசகமும் அதே நெறிகளில் இருக்கிறது. வாரியம் அதைத்தான் பதிலாகச் சொல்லும், ஆகவே முழுப் படத்தில் அந்தக் காட்சியின் எடை என்ன என்பதற்கும் மனுவிலேயே விடை வைத்திருக்க வேண்டும். வாரியம் அசையாவிட்டால் சான்றிதழை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அப்போது வாதம் திறந்த நீதிமன்றத்தில் நடக்கும், காரணங்கள் தீர்ப்பில் எழுதப்படும், தோற்றாலும் ஆட்சேபம் ஆவணமாக நிற்கும்.

குற்றவியல் புகார் கடைசி வழியாகவே இருக்க வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவு, மத உணர்வைப் புண்படுத்துவதை மட்டும் கேட்பதில்லை. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்ததாக நிரூபிக்க வேண்டும். அதோடு, நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதியும் வேண்டும். பெரும்பாலான சினிமாப் புகார்கள் இந்த இரண்டு இடத்தில்தான் விழுகின்றன. ஓ.டி.டி.யில் வந்த படம் என்றால் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் மேலே இரண்டு படிகள் உண்டு.

படம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முடிந்த படத்தை வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பு போட்டுக் காட்டுவது கலந்தாலோசனை ஆகாது. அந்த நேரத்தில் அழைக்கப்பட்டவர்களுக்கு ஒப்புக்கொள்வது, எதிர்ப்பது என இரண்டே வழிதான். வழிபாடு, மறை வசனம், உண்மையான ஊர்ப் பெயர் மூன்றும் வரும் காட்சிகளை எழுதும் கட்டத்திலேயே, அந்த வாழ்க்கையை அறிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்பது போதும். அமைப்புகளிடம் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. தகவல் சரிபார்க்கச் சொல்கிறோம்.

அதற்குப் பிறகு

தலைமைச் செயலகத்தில் நடந்தது இரண்டு ஆண்டில் நாமக்கல்லில் திரும்பியது. 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் சாதி, இந்து அமைப்புகள் கிளம்பியபோது, 2015 ஜனவரி 12 அன்று அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை வைத்து எழுத்தாளர் பெருமாள் முருகனிடம் நிபந்தனையற்ற மன்னிப்புக் கையெழுத்து வாங்கினார்கள். இந்த முறை வழக்கு முடிவு வரை போனது. 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. 2013-இல் வழக்கு நின்றுபோனதால் கிடைக்காத பதில் இதில் பாதி கிடைத்தது. 144 பற்றிய மறுபாதி, 2020-இல் காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் உச்ச நீதிமன்றத்திடமிருந்து வந்தது: முறையான கருத்து வெளிப்பாட்டை அடக்க அந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது. இப்போது அதே அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவில் இருக்கிறது.

2023 மே மாதம் 'தி கேரளா ஸ்டோரி' வந்தது. முஸ்லிம்களைக் காட்டிய விதத்துக்காகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்த படம் அது. இம்முறை தமிழ்நாட்டில் எந்த ஆட்சியரும் உத்தரவு போடவில்லை. வெளியான இரண்டாம் நாளுக்குப் பிறகு மல்டிபிளெக்ஸ்கள் தாங்களாகவே படத்தை எடுத்துவிட்டன. தடை ஏதும் இல்லை, கூட்டம் வரவில்லை என்று தியேட்டர்காரர்களே நிறுத்தினார்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு சொன்னது. மறைமுகத் தடை என்று படத் தரப்பு சொன்னது. ரத்து செய்வதற்கு உத்தரவு என்று எதுவும் இல்லாததால், மே 18 அன்று மேற்கு வங்கத்தின் தடையை நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை திரையிடும் தியேட்டர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று மட்டுமே சொல்ல முடிந்தது.